புளோக்குக்குக் கீழே ஒரு துக்க வீடு

சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடிகளில் தரைத்தளத்தில் பெரும்பாலும் வீடுகள் இருக்காது. தூண்களும் சிமெண்ட் தரையுமாக நாலாபக்கமும் திறந்த இடம்தான் இருக்கும். 'வாய்ட் டெக்' என்பார்கள். ஒரு சனிக்கிழமை அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும். கொம்பாங் என்ற கைப்பறையின் கொட்டும் பிரியாணி வாசமும் பத்தாவது மாடிவரை வரும். அடுத்த வாரம் அதே தூண்களுக்கு நடுவே துணி கட்டி, ஒரு சீனப் பெரியவரின் சவப்பெட்டியை வைத்திருப்பார்கள். தாவோ பூசாரி சிங்கி தட்டி மந்திரம் ஓதுவார். நகர மன்றத்திடம் அனுமதி வாங்கிவிட்டால் இரண்டுக்கும் அது பொது இடம்தான்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9. ஒரே இனத்தவர் ஒரே புளோக்கில் குவிந்துவிடாதபடி 1989 முதல் வீவக வீடுகளுக்கு இன விகிதாசாரம் வைத்திருக்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டுச் சாவு பெரும்பாலும் நம்மவர் சாவாக இருக்காது. ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. தினமும் லிஃப்ட்டில் சிரித்துப் பேசிய மனிதரின் அம்மா இறந்து கிடக்கும்போது, 'எங்களுக்கு உங்கள் முறை தெரியாது' என்று வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கலாமா?

நம் ஊரில் துக்கம் கேட்கப் போவதற்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. சின்ன வயதில் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிறோம். எங்கே செருப்பைக் கழற்றுவது, யார் பக்கத்தில் உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று பார்த்துப் பழகுகிறோம். அந்நிய ஊரில் அந்தப் பாட்டி இல்லை. நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் தப்பு செய்துதான்.

முதல் தப்பு பணத்தில். உடன் வேலை பார்த்த சீனர் ஒருவரின் அப்பா இறந்துவிட்டார். துக்க வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஹொக்கியன் என்ற சீன வட்டாரப் பேச்சில் 'பெக் கிம்' என்பார்கள். வெள்ளை உறையில் வைத்து வாசல் மேசையில் கொடுத்தால், பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், நம் ஊர் மொய் நோட்டுப் போலவே. நான் உறையில் 100 வெள்ளி வைத்திருந்தேன் (டாலரை இங்கே வெள்ளி என்போம்). கூட வந்த நண்பர் அதைப் பார்த்துவிட்டு, மெதுவாக ஒரு டாலர் நாணயத்தை என் கையில் திணித்து, "இதையும் வை" என்றார். எனக்குக் கை கூசியது. நமக்கு அந்த ஒன்று மங்கலத்தின் அடையாளம். கல்யாணத்துக்கு 101, 501, 1001 என்று வைப்பது மேன்மேலும் பெருக வேண்டும் என்பதற்காக. சாவு வீட்டில் எதைப் பெருகச் சொல்வது?

அவர்கள் கணக்கு நேர் எதிர். சீனர்களுக்கு நல்ல காரியம் என்றால் இரட்டைப்படை, நல்லது ஜோடியாக வர வேண்டும். துக்கத்துக்கு ஒற்றைப்படை, கெட்டது இந்த ஒரு முறையோடு போகட்டும் என்று. அப்படியானால் சீனக் கல்யாணத்துக்குப் போய் நம் பழக்கத்தில் 101 வெள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆசையாகக் கொடுத்த ஆசீர்வாதம் அங்கே சாவுக் காசாகப் படும். சிவப்பு உறையும் அப்படித்தான், கல்யாணத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் உரியது. துக்கத்துக்கு வெள்ளை உறை மட்டும்.

மலாய் வீட்டில் உறைக்கு இவ்வளவு கணக்கில்லை. கை கொடுக்கும்போது மடித்த பணத்தை உள்ளங்கையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள், 'சடக்கா', அதாவது தருமம், என்று. எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. அங்கே மலர்வளையம் வழக்கமில்லை. தமிழ் இந்து வீட்டுக்கு மாலையோடு போவதுதான் முறை. இதைத் தெரியாமல் மலாய் வீட்டுக்குப் பெரிய ரோஜா மாலை வாங்கிப் போய், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது போவது என்பதும் வீட்டுக்கு வீடு மாறும். முஸ்லிம் வீட்டில் காலையில் உயிர் பிரிந்தால் அன்று மாலைக்குள் நல்லடக்கம் முடிந்துவிடலாம். உடலை வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நடத்தி எடுத்துவிடுவார்கள். 'வேலை முடிந்து சாயந்தரம் போகலாம்' என்று நினைத்தால் முகத்தைப் பார்க்க முடியாது. சீன வீட்டில் 3, 5 அல்லது 7 நாள் வைத்திருப்பார்கள், அதுவும் ஒற்றைப்படைதான். அங்கே அவசரமில்லை. வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு இரவில் போனாலும் ஆட்கள் இருப்பார்கள். தமிழ் வீடு இரண்டுக்கும் நடுவில். அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள்.

சீனத் துக்கம் இப்படிக் கீழ்த்தளத்தில் நாள் கணக்கில் நடப்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சைனாடவுனில் சாகோ லேன் என்று ஒரு தெரு. நம் மாரியம்மன் கோயில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலிருந்து சில நிமிட நடைதான். அங்கே ஒரு காலத்தில் 'இறப்பு வீடுகள்' இருந்தன. சீனாவிலிருந்து கூலிகளாகவும் வீட்டு வேலைக்காரிகளாகவும் வந்தவர்கள், கடைவீடுகளின் மாடியில் பலகை அடித்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். அங்கே ஒருவர் செத்தால் மற்றக் குடித்தனக்காரர்களுக்கு ஆகாது என்று பயம். அதனால் சாகும் தறுவாயில் இருப்பவரை சாகோ லேனுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். அங்கேயே படுத்திருந்து, அங்கேயே இறந்து, அங்கேயே சடங்கும் முடிந்தது. 1961இல் அரசு அவற்றைத் தடை செய்தது. குடும்பம் கடல் தாண்டி இருக்க, சாகப் போகும் வாடகைக்காரரை யார் வைத்துக்கொள்வார்கள்? அந்தக் கேள்விக்கு அந்தத் தெருதான் பதிலாக இருந்தது. நம் ஆட்களும் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் இப்படித்தான் தனியாக வந்தார்கள். அதனால் இதைக் கேள்விப்பட்டபோது வெறும் வேற்றினத்துச் செய்தியாக எனக்குத் தோன்றவில்லை.

கம்போங் என்ற பழைய கிராமக் குடியிருப்பில் இருந்தவரை வீட்டு முற்றம் இருந்தது. அடுக்குமாடிக்கு வந்தபின் அந்த முற்றம் புளோக்கின் கீழே இறங்கிவிட்டது. வெளியே இறந்தவரின் உடலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது சீனர் பலரின் நம்பிக்கை. மருத்துவமனையில் இறந்தவரைக் கீழ்த்தளத்தில் வைப்பது அவர்களுக்கு ஒத்துப்போனது. நமக்கு மனசு வேறு மாதிரி. எங்கே இறந்தாலும் ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு படுக்கையறை வீட்டில், சோபாவை எல்லாம் பக்கத்து வீட்டுக்கு நகர்த்திவிட்டு, கூடத்தில் பெட்டியை வைத்து, வாய்க்கரிசி போட்டு நெய்ப்பந்தம் பிடித்த தமிழ்க் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சோபாவை வாங்கி வைத்துக்கொண்ட பக்கத்து வீடு பல நேரம் சீனர் வீடு. சாவு வீட்டுப் பொருள் தன் வீட்டுக்குள் வருவது அவர்களுக்கு எவ்வளவு கூச்சமான விஷயம் என்பது பிறகுதான் புரிந்தது. அந்தக் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு வாங்கி வைத்தார்கள்.

அவர்கள் வீட்டில் சாவு என்றால், அதே மாடியில் இருக்கும் மற்ற வீட்டுக் கதவுகளில் சின்னச் சிவப்புத் தாளை ஒட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டுத் துக்கம் உங்கள் வாசலைத் தாண்டி வராது என்று அர்த்தம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம், யாரோ விளம்பரம் ஒட்டிவிட்டார்கள் என்று அதைக் கிழித்துப் போட்டது. அந்தத் தாளைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். அது உங்களுக்காகச் செய்த காரியம்.

அழுகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மிகப் பெரிய தப்பெண்ணம் இங்கேதான் வருகிறது.

நம் பெண்கள் சாவு வீட்டு வாசலிலேயே குரலெடுத்து அழுதுகொண்டு நுழைவார்கள். கட்டிப்பிடித்து, மாரில் அடித்து, ஒப்பாரி வைத்து அழுவார்கள். அழாமல் நிற்பவரை ஊர் பேசும். இந்தப் பழக்கத்தோடு மலாய் வீட்டுக்குப் போனால் அங்கே இருக்கும் அமைதி நம்மைத் திகைக்க வைக்கும். பெண்கள் தலையை மூடிக்கொண்டு குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருப்பார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், சத்தம் வராது. 'பெத்த மகளுக்கே துக்கமில்லையே' என்று திரும்பி வரும் வழியில் ஒரு அம்மா சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

துக்கமில்லாமல் இல்லை. கண்ணீர் விடலாம், ஆனால் கூக்குரலிட்டு மாரடித்து அழுவது இறைவனின் முடிவை எதிர்த்து நிற்பது என்பது இஸ்லாமிய நெறி. நபிகள் நாயகம் தம் கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார். கண் கலங்குகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டோம் என்ற கருத்தில் அவர் பேசியது ஹதீஸில் இருக்கிறது. அந்த வீட்டு மகள் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பது தாய்க்குச் செய்யும் கடமை. நாம் அங்கே போய் ஓவென்று அழுதால் அவளுடைய அந்த முயற்சியைக் கலைப்போம். இதைத் தெரிந்துகொள்ள மலாய் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. கடையநல்லூரிலிருந்து வந்து சிங்கப்பூரில் தலைமுறைகளாக வாழும் தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் இதே அமைதிதான். மொழி நம் மொழி, துக்கத்தின் ஓசை மட்டும் வேறு.

சீனத் துக்கத்தில் நம்மவர்களை உறுத்துவது வேறொன்று. பெட்டிக்குப் பத்தடி தள்ளி வட்ட மேசையில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டு, சிலர் மாஜோங் ஆடிக்கொண்டிருப்பார்கள், சிரிப்பும் கேட்கும். இறந்தவரை இரவில் தனியாக விடக் கூடாது என்பதுதான் அங்கே அடிப்படை. கண்விழிக்க வேண்டும், கண்விழிக்க ஆள் வேண்டும், ஆள் தூங்காமலிருக்க ஆட்டம் வேண்டும். நம் கிராமத்தில் விடிந்ததும் எடுக்க வேண்டிய பிணத்துக்குக் காவலாகத் திண்ணையில் சீட்டாடியவர்கள் இல்லையா? சத்தமும் கூட்டமுமாகக் கீழ்த்தளம் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அதுவே ஆறுதல். அங்கே கொடுக்கும் பாக்கெட் பானத்தையும் கடலையையும் வேண்டாம் என்று தள்ளாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்து எடுத்துக்கொள்வது நல்லது.

பெட்டிக்கு முன்னால் போகும்போது ஊதுபத்தியை நீட்டுவார்கள். இந்துக்களுக்கு அதில் தயக்கம் வராது. முஸ்லிம்களும் பல கிறிஸ்தவர்களும் வாங்க மாட்டார்கள். படத்துக்கு முன்னால் சற்று நேரம் தலை குனிந்து நின்றால் போதும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் குடும்பத்தார் பதிலுக்கு வணங்குவார்கள். அவர்கள் சட்டைக் கையில் குத்தியிருக்கும் சின்னத் துணியின் நிறத்தைப் பார்த்து, மகனா பேரனா என்று தெரிந்துகொள்ளலாம். உடை விஷயத்தில் ஒரே கவனம், சிவப்பும் பளிச்சென்ற நிறங்களும் வேண்டாம். வெள்ளை, கறுப்பு, சாம்பல், கருநீலம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். மலாய் வீட்டுக்குக் கையும் காலும் மூடிய உடை, பெண்களுக்குத் தலையில் போட ஒரு துணி.

வயது விஷயம் ஒன்று. சீன மரண அறிவிப்பில் இறந்தவரின் வயதோடு 3 கூட்டிப் போடுவது வழக்கம். எதிர்வீட்டுத் தாத்தாவின் 85ஆவது பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டவர்கள், இரண்டே மாதத்தில் அறிவிப்பில் 88 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். நிறைந்த வயதில் போனால் 'மகிழ்ச்சியான துக்கம்' என்று அவர்கள் சொல்வதற்கு நம்மிடம் அப்படியே ஒரு சொல் இருக்கிறது: கல்யாணச் சாவு. பிள்ளை முந்திப் போனால் இரண்டு பக்கமும் வாயடைத்துவிடும். நரைத்த தலை கறுத்த தலையை வழியனுப்புவது என்று சீனர்கள் சொல்வார்கள். பெற்றவர் பிள்ளையின் பெட்டிக்கு முன்னால் வணங்கக் கூடாது என்பது அவர்கள் முறை. அம்மாவும் அப்பாவும் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை முன்னால் வரச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது.

அப்புறம், கிளம்பும் நேரம். நம் வழக்கத்தில் எந்த வீட்டிலும் 'போயிட்டு வர்றேன்' என்றுதான் விடைபெறுவோம், சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்ல மாட்டோம். சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். அந்த 'வர்றேன்' இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும். என் மாமியார் இறந்தபோது, எதிர்வீட்டுச் சீன அம்மா வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பார்த்தால் ஆளைக் காணோம். இத்தனை வருஷம் தமிழ்க் குடும்பத்துக்கு எதிரே இருந்து நம் முறையைக் கற்றுக்கொண்டாரே என்று நான் நெகிழ்ந்து போனேன். சில வருஷம் கழித்து அவருடைய கணவர் துக்கத்தில்தான் தெரிந்தது, அது அவர்களுடைய முறையும்தான். மாண்டரினில் விடைபெறும் சொல்லுக்கு 'மறுபடி பார்ப்போம்' என்று பொருள். அதை அங்கே யாரும் சொல்வதில்லை.

கிளம்பும்போது அங்கே ஒரு சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுப்பார்கள். மிட்டாயை வீடு போய்ச் சேரும் முன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், துக்கத்தின் கசப்பு போக. நூலை விரலில் சுற்றிக்கொண்டு போய், வீட்டுக்குள் நுழையும் முன் எங்காவது போட்டுவிட வேண்டும். பொமேலோ (பம்பளிமாசு) இலை போட்ட தண்ணீரில் கை முகம் கழுவுகிறவர்களும் உண்டு. நாம் வாசலிலேயே நின்று, துணியை நனைத்து, தலை முழுகிவிட்டு உள்ளே போகிறோம். சாவை வாசலோடு நிறுத்த வேண்டும் என்ற நினைப்பு ஒன்றுதான். மலாய் வீட்டுக்குப் போய்வந்தவருக்கு இதில் எதுவும் கிடையாது. சாவுத் தீட்டு என்பது அவர்கள் மார்க்கத்தில் இல்லை. அதனால், துக்கம் கேட்டு வந்ததும் அவர்கள் கண்முன்னே அவசரமாகக் கை கால் கழுவுவதை நாம் தவிர்க்கலாம்.

துக்கம் எவ்வளவு நாள்? சீன வீடுகளில் 49 அல்லது 100 நாள், நமக்குப் பதினாறாம் நாள் காரியம், அப்புறம் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை. தீபாவளி வந்தால் அந்த வீட்டில் சட்டி வைக்க மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுப்பார்கள். முஸ்லிம்களுக்கு மூன்று நாள், கணவனை இழந்த பெண்ணுக்கு மட்டும் நாலு மாதம் பத்து நாள். துக்கத்துக்குப் பின் வரும் ஹரி ராயா பெருநாளையும் அவர்கள் கொண்டாடுவார்கள். அன்று காலையில் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய் ஓதிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போவார்கள். 'இந்த வருஷம் அவங்க வீட்டுக்குப் போக வேண்டாம்' என்று நம் கணக்கில் நாம் ஒதுங்கினால், மலாய் வீட்டுக்காரர் வருத்தப்படுவார். சீனப் புத்தாண்டில் அது தலைகீழ். துக்கம் உள்ள சீன வீட்டார் பிறர் வீட்டுக்கு வர மாட்டார்கள், வற்புறுத்தி அழைக்கக் கூடாது.

எல்லா முறைகளையும் நிலம் வந்து நெருக்கியது. சிங்கப்பூரில் இப்போது அடக்கம் செய்ய சுவா சூ காங் கல்லறைத் தோட்டம் மட்டும்தான். 1998 முதல் ஒரு குழிக்கு ஆயுள் 15 ஆண்டு. அதற்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். மதம் அனுமதிப்பவர்களின் எலும்புகள் எரியூட்டப்படும், அடக்கம் கட்டாயமானவர்களுடையவை சிறிய இடத்தில் மறுபடி புதைக்கப்படும். பரம்பரையாகப் புதைக்கும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்கள் இதனால் எரிப்புக்கு மாறின. பெரிய கல்லறையை மலைச்சரிவில் கட்டி முன்னோரை வணங்க ஆண்டுதோறும் சிங் மிங் நாளில் கூடிய சீனக் குடும்பங்களும் மாறின. கல்லறைத் திசை பார்த்துத் தலைமுறையின் நன்மை தீமை கணித்த சமூகம் அது. ஒரு தலைமுறைக்குள் அஸ்திக் கலசத்துக்கு வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் கொவிட் முடக்கம் வந்தபோது ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூட முடியவில்லை. மாற்றவே முடியாது என்று நாம் சொல்கிற சடங்குகள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதை நினைத்தால், கூட இருந்து கையைப் பிடிப்பது ஒன்றைத்தான் மக்கள் உண்மையிலேயே விட மறுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாதங்களில் பதினோராவது ஆளாக இருந்தவர்கள், வெளியே கார் நிறுத்தத்தில் நின்றார்கள்.

1982இல் திறந்த மண்டாய் தகனச்சாலைதான் இப்போது பெரும்பாலான சீனர்களும் தமிழர்களும் வந்து சேரும் இடம். எரியூட்டிய பிறகு அஸ்தி எடுக்கக் குடும்பத்தாரை அழைப்பார்கள். ஒரு தட்டில் எலும்புகள் இருக்கும். சீனக் குடும்பம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கலசத்தில் வைக்கும்போது, கால் எலும்பை முதலில் வைப்பார்கள், மண்டை ஓட்டைக் கடைசியில் வைப்பார்கள். உள்ளே அவர் தலைகீழாக இல்லாமல் நேராக இருக்க வேண்டும் அல்லவா? பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் அஸ்தியில் பால் தெளித்து, துணியில் முடிந்துகொண்டிருக்கும். செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டரில் அஸ்தி கரைப்பதற்கென ஒதுக்கிய கடற்பகுதி இருக்கிறது. படகுக்காரர் நேரம் சொல்லியிருப்பார். கடைசியாக நான் அங்கே போனபோது, கலசத்தை மூடி முடித்த சீன இளைஞன் ஒருவன், எங்கள் பக்கம் பால் பாக்கெட்டைப் பிரிக்கத் தடுமாறிய சின்னப் பையனிடம் வந்து, ஒன்றும் பேசாமல் வாங்கிப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.